கடைச் சுவரில் தொங்கும் ஐந்து காகிதங்கள்

சென்னையில் ஏதாவது ஓர் இனிப்புக் கடைக்குள் போய்க் கல்லாவுக்குப் பின்னால் பாருங்கள். சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே நாலைந்து காகிதங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். வாங்க வருகிறவர்கள் அவற்றைப் படிப்பதில்லை. சண்டை வரும்போதுதான் அந்தச் சுவர் பேச்சில் வரும். "லைசென்ஸ் வாங்கித்தான் சார் கடை நடத்துறோம்" என்பார் கடைக்காரர். "உங்க லைசென்ஸையே கேன்சல் பண்ண வைக்கிறேன்" என்பார் வந்தவர். எந்த லைசென்ஸ் என்று கேட்டால் இரண்டு பேருமே திணறுவார்கள்.

இதனால் நடப்பது என்ன? எடை குறைந்ததற்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு கொடுக்கிறார்கள். ஊசிப்போன இனிப்புக்குக் காவல் நிலையம் போகிறார்கள். எம்ஆர்பிக்கு மேல் வாங்கிய ஐந்து ரூபாய்க்கு முதல்வரின் தனிப்பிரிவுக்கு எழுதுகிறார்கள். மனு மேசை மேசையாக நகர்ந்து, "இது எங்கள் துறை சார்ந்ததல்ல" என்று இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருகிறது. அதற்குள் பில் தொலைந்திருக்கும், இனிப்பும் குப்பைக்குப் போயிருக்கும்.

சுவரில் இருக்கும் ஒவ்வொரு காகிதமும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். எது எதற்குப் பதில் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

மைக் செட் அனுமதி

கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குகிறார்கள். எந்த இடத்தில், எத்தனை மணி வரை, எவ்வளவு சத்தத்தில் என்பதையெல்லாம் பார்த்துவிட்டு அனுமதி தருகிறார்கள். பாட்டுக் கச்சேரி நன்றாக இருக்கும் என்று போலீஸ் யாருக்கும் உறுதி சொல்லவில்லை. பாடகர் சுருதி தப்பினால் ஆய்வாளரிடம் போய் யாரும் முறையிடுவதும் இல்லை.

உரிமம் என்பது இந்த மாதிரி அனுமதிதான். சட்டம் பொதுவாகத் தடுத்து வைத்திருக்கும் ஒரு செயலை, இன்னார் இன்ன இடத்தில் இன்ன நிபந்தனைகளோடு செய்துகொள்ளலாம் என்று விடுவிக்கிறது. ஆள், இடம், செயல் ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் பழைய காகிதம் பேசாது. கடையை மைத்துனருக்கு விற்றுவிட்டால் கூடவே உரிமமும் போய்ச் சேராது; பெயர் மாற்றத்துக்கோ புதிய உரிமத்துக்கோ விண்ணப்பிக்க வேண்டும். எதிர்ச் சாரிக்குக் கடையை மாற்றினாலும் அப்படியே.

பதிவு என்பது வேறு. உரிமம் கேட்டுவிட்டுச் செய்வது. பதிவு சொல்லிவிட்டுச் செய்வது. உரிமத்தில் அதிகாரி மறுக்கலாம். பதிவில், கேட்ட விவரங்களைச் சரியாகக் கொடுத்தால் எண் வந்துவிடும். பேச்சு வழக்கில் இரண்டையும் லைசென்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் காகிதம்: மாநகராட்சித் தொழில் உரிமம்

பழைய நகராட்சி அலுவலகங்களில் இதற்கு 'டி அண்ட் ஓ லைசென்ஸ்' என்று பெயர். அபாயமும் அருவருப்பும் உண்டாக்கும் தொழில்கள் என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. நன்றாக நடக்கும் காபிக் கடைக்கு இப்படியொரு பட்டமா என்று சிரிப்பு வரும். ஆனால் உரிமத்தின் பிறப்பு ரகசியம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அடுப்பு, புகை, கழிவுநீர், நாற்றம், சத்தம், தீப்பற்றும் சரக்கு ஆகியவை பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் 287ஆம் பிரிவு இதைச் சொன்னது. எந்தெந்தத் தொழில்களுக்கு உரிமம் வேண்டும் என்ற பட்டியல் அந்தச் சட்டத்தின் ஆறாம் அட்டவணையில் இருந்தது. 13 ஏப்ரல் 2023 முதல் அந்த இடத்துக்குத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 தன் 2023ஆம் ஆண்டு விதிகளோடு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை: இந்தக் கட்டடத்தில் இந்தத் தொழிலை நடத்தினால் அக்கம்பக்கம் தாங்குமா?

அதனால்தான் விண்ணப்பத்தோடு வாடகை ஒப்பந்தத்தையும் கட்டடத்தின் சொத்து வரி விவரத்தையும் கேட்கிறார்கள். மைசூர்பாகில் எவ்வளவு நெய் என்று கேட்பதில்லை. விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வதும் கட்டடத்தில்தான். சொத்து வரிப் பதிவேட்டில் அந்த இடம் குடியிருப்பாகவே இருக்கும். வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண்ணும் வரி ரசீதில் புதிய கதவு எண்ணும் இருக்கும். 'இனிப்பு விற்பனை' என்று உரிமம் வாங்கிவிட்டுப் பின்கட்டில் அடுப்பு போட்டுத் தயாரிப்பும் நடக்கும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தவறு. விற்பதும் தயாரிப்பதும் இரண்டு தனித் தொழில்கள்.

வாங்குகிறவருக்கு இந்தக் காகிதத்தால் என்ன பயன்? நேரடியாகப் பார்த்தால் குறைவுதான். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் நிறைய. புகைபோக்கியின் வாய் உங்கள் ஜன்னலைப் பார்த்து இருந்தாலோ, எண்ணெய்க் கழிவு மழைநீர் வடிகாலில் ஓடினாலோ மாநகராட்சிதான் சரியான கதவு. நடைபாதை வியாபாரிகளுக்கு இந்த உரிமம் இல்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் என்று தனி ஏற்பாடு இருக்கிறது.

இரண்டும் மூன்றும்: வரிக் காகிதங்கள்

இவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். தொழில் வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான ரசீது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டுவது. ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. "தொழில் வரி கட்டியாச்சே, தொழில் உரிமம் வேறயா?" என்று கேட்கும் வியாபாரிகள் நிறையப் பேர். வீட்டு வரி கட்டினால் கட்டட அனுமதி கிடைத்ததாக ஆகிவிடாது அல்லவா, அந்தக் கணக்குதான்.

ஜிஎஸ்டி பதிவு எண்ணில் 15 எழுத்துகள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். பில்லில் வரி என்று தனியாகக் காசு வாங்கிவிட்டு அந்த எண்ணை அச்சிடாத கடை இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்று: சிறு கடைகள் பல, மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே கட்டிவிடும் இணக்கத் திட்டத்தில் இருக்கின்றன. அந்தக் கடைகள் உங்களிடம் தனியாக ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. தாங்கள் அந்தத் திட்டத்தில் இருப்பதைப் பலகையிலும் பில்லிலும் எழுதியிருக்க வேண்டும்.

இதுவரை பார்த்த மூன்று காகிதங்களில் முதலாவது இடத்தைப் பற்றியது, மற்ற இரண்டும் அரசுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பற்றியவை. நீங்கள் வாங்கிய கால் கிலோ ஜாங்கிரியைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

நான்காவது: உணவு உரிமம்

இதைத் தருவது உணவுப் பாதுகாப்புத் துறை; அடிப்படை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். கடையின் அளவைப் பொறுத்துப் பதிவு, மாநில உரிமம், மத்திய உரிமம் என்று மூன்று படிகள். எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லிவிடலாம். மொத்தம் 14 இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமம் என்றால் அங்கே 00 இருக்கும். அதற்கடுத்த இரண்டும் எண் கொடுத்த ஆண்டு. ஆக 12418 என்று ஆரம்பித்தால் 2018இல் தமிழ்நாட்டில் வாங்கிய மாநில உரிமம். 1985 முதல் அதே இடத்தில் நடப்பதாகப் பலகை சொல்லும் கடையின் எண்ணில் போன வருடம் தெரிந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். புதிதாக வாங்க நேர்ந்திருக்கலாம், உரிமையாளர் மாறியிருக்கலாம். அந்த எண்ணை ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, யார் பெயரில், எந்த முகவரிக்கு என்பது தெரியும். 2022 ஜனவரி முதல் இந்த எண் பில்லிலும் இருக்க வேண்டும். சுவரைப் படிக்கக் கூச்சமாக இருந்தால் பில்லைப் படிக்கலாம்.

இந்த உரிமமும் "இங்கே எல்லாம் சுவையாக இருக்கும்" என்று சொல்வதில்லை. சுத்தம், தண்ணீர், சேமிப்பு, வேலை செய்பவர்களின் உடல்நலம் என்று சில நிபந்தனைகளுக்குக் கடைக்காரர் கட்டுப்பட்டிருக்கிறார் என்கிறது. தட்டில் வைத்து விற்கும் சில்லறை இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அக்டோபர் 2020 முதல் விதி. கண்ணாடிப் பெட்டிக்குள் விலை அட்டை இருக்கிறது, தேதி அட்டை இல்லை என்றால் அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"புகார் கொடுத்து நாலு நாளாச்சு, கடை ஜாம் ஜாம்னு நடக்குது, காசு வாங்கிட்டாங்க" என்று அடிக்கடி சொல்கிறார்கள். சில இடங்களில் அதுவும் நடக்கலாம். ஆனால் சட்டம் போகும் வழியே மெதுவானது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்து நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிடுகிறார். ஒரு பங்கு பகுப்பாய்வாளருக்குப் போகிறது. அறிக்கைக்கு அவருக்கு 14 நாள். மற்ற பங்குகள், கடைக்காரர் மறு ஆய்வு கேட்டால் வேண்டியிருக்கும் என்பதற்காகத் தனியே வைக்கப்படுகின்றன. சுத்தக் குறைபாடு என்றால் முதலில் திருத்த அறிவிப்பு வரும். சரிசெய்யக் குறைந்தது 14 நாளாவது தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதற்கும் மசியவில்லை என்றால்தான் உரிமம் நிறுத்திவைப்பு, பிறகு ரத்து. உடனே கடையை மூடும் அதிகாரமும் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்ற நிலைக்கு மட்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி: வாங்கிய உணவை நீங்களே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். சட்டத்தின் 40ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. உணவு தரக்குறைவு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஐந்தாவது: தராசின் முத்திரை

பணம் சத்தமில்லாமல் கசியும் இடம் இது. எடையளவு விஷயம் மாநகராட்சியின் கையில் இல்லை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் சட்டமுறை எடையளவுப் பிரிவு இதைப் பார்க்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அடிப்படை. கடையில் பயன்படும் ஒவ்வொரு தராசையும் அதிகாரி சோதித்து முத்திரையிட வேண்டும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, இரும்பு எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. முத்திரையில் ஆண்டோடு ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் இருக்கும். ஆண்டை நான்காக மடித்தால் எந்தக் கால்பகுதியில் சோதித்தார்கள் என்பதற்கான அடையாளம் அது. சோதித்ததற்கான சான்றிதழைத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

தராசின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். அதிகபட்சம் 30 கிலோ, குறைந்தபட்சம் 100 கிராம், ஒரு படி 5 கிராம் என்பது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். படி என்பது அந்தத் தராசு நம்பிக்கையாகப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு. சாதாரணக் கடைத் தராசுக்குப் படியின் 20 மடங்குதான் குறைந்தபட்ச எடை. அதற்குக் கீழே நிறுத்தினால் எண் காட்டும், நம்ப முடியாது. அரிசி மூட்டை நிறுத்தும் 30 கிலோ தராசில் 50 கிராம் முந்திரி நிறுத்திக் கொடுத்தால், ஒரே ஒரு படி பிசகினாலும் பத்தில் ஒரு பங்கு போச்சு. கடைக்காரர் ஏமாற்றவே இல்லை. தப்பான தராசு, அவ்வளவுதான். நகைக் கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் தனித் தராசு வைத்திருப்பதும் இதனால்தான்.

அடுத்தது அட்டைப் பெட்டி. பெட்டியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்காமல் இனிப்பை அடுக்கினால், இனிப்பு விலைக்கு அட்டை வாங்குகிறீர்கள். பெட்டி 80 கிராம், இனிப்பு கிலோ 600 ரூபாய் என்றால் அட்டைக்கு 48 ரூபாய். தீபாவளிக்கு முப்பது பெட்டி வாங்கும் அலுவலகம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நிகர எடைக்குத்தான் காசு வாங்க வேண்டும் என்பது சட்டம். "வெறும் பெட்டியை வெச்சு ஜீரோ பண்ணிட்டுப் போடுங்கண்ணே" என்று சொன்னால் போதும். நல்ல கடையில் சொல்லாமலே செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துத் தராசுகளைச் சோதிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது ஒரு குத்துமதிப்புக்கு உதவும். ஒரு கிலோ பாக்கெட்டில் 15 கிராம் வரை கூடக் குறைய இருக்கலாம் என்று விதியே விட்டுக்கொடுக்கிறது. அதனால் பத்துக் கிராம் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். ஐம்பது கிராம் குறைந்தால் புகார் கொடுங்கள். அதிகாரி தரப்படுத்திய எடைக்கற்களோடு வருவார்.

பெட்ரோல் பங்கும் இதே பிரிவின் கீழ்தான். அங்கே 5 லிட்டர் சோதனைக் கலன் வைத்திருக்க வேண்டும். கேட்டால் அளந்து காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை ஏற்றத்தாழ்வு அனுமதி. பலர் மீட்டர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிறார்கள். பூஜ்யம் என்பது ஆரம்பம் சரி என்பதற்கு மட்டும் சாட்சி, அளவு சரி என்பதற்கு அல்ல.

சுவரில் இல்லாத காகிதம்: பாக்கெட்டின் முதுகு

பொட்டலப் பொருள்களும் எடையளவுச் சட்டத்துக்குள் வருகின்றன. தயாரித்தவர் முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, மாதமும் ஆண்டும், புகாருக்கான தொடர்பு, எம்ஆர்பி ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். எம்ஆர்பி என்பது எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை. அதற்குமேல் "ஜிஎஸ்டி தனி" என்று சொல்ல வழியில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததற்காக இரண்டு ரூபாய் கூடுதல் என்பதும் கடையில் செல்லாது. குறைத்து விற்கத் தடையில்லை. 2018 ஜனவரி முதல், ஒரே அளவு ஒரே சரக்குக்குத் திரையரங்கில் ஒரு எம்ஆர்பி, மளிகைக் கடையில் வேறொரு எம்ஆர்பி என்று அச்சடிக்கவும் தடை வந்தது.

இங்கேதான் ஒரு முக்கியமான விதிவிலக்கு, பலரும் தோற்றுப்போகும் இடம். உணவகத்தில் உட்கார்ந்து, பரிமாறி, தண்ணீர் பாட்டில் வாங்கினால் எம்ஆர்பியை விடக் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 2017இல் சொல்லிவிட்டது. அங்கே நடப்பது பாட்டில் விற்பனை மட்டும் இல்லை. இடம், விசிறி, பரிமாறல் எல்லாம் சேர்ந்த சேவை என்பது காரணம். அதே உணவகத்தின் வாசல் கவுண்டரில் பாட்டிலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினால் அந்தக் காரணம் பொருந்தாது என்பதே என் வாசிப்பு.

சேவைக் கட்டணத்தை இதோடு போட்டுக் குழப்பாதீர்கள். உணவக பில்லில் 5, 10 சதவீதம் என்று தானாகச் சேர்ந்து வரும் அந்தத் தொகை வரியல்ல, அரசுக்கும் போவதில்லை. அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் மார்ச் 2025இல் அதை உறுதி செய்தது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம்.

அபராதம் ஒரு பக்கம், இழப்பீடு ஒரு பக்கம்

இப்போது எந்தக் கதவு என்பது தெரியும். புகைக்கும் கழிவுக்கும் மாநகராட்சி, உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை, எடைக்கும் எம்ஆர்பிக்கும் தொழிலாளர் துறை. ஆனால் இந்த மூன்று கதவுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: இவற்றில் எதுவும் உங்கள் பணத்தைத் திருப்பித் தராது. அதிகாரி வந்தார், வழக்குப் பதிந்தார், அபராதம் விழுந்தது என்றால் அந்தப் பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டி வந்து உங்கள் வண்டியை இடித்தவருக்குப் போக்குவரத்துப் போலீஸ் அபராதம் போடலாம். உங்கள் வண்டியின் பம்பரை அவர்கள் மாற்றித் தர மாட்டார்கள்.

உங்கள் நஷ்டத்துக்கு வழி 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 20 ஜூலை 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். கணக்கில் வருவது கொடுத்த விலைதான், கேட்கும் நஷ்டஈடு இல்லை. 400 ரூபாய் கேக்கில் கம்பி இருந்ததற்கு ஒரு கோடி கேட்டாலும் வழக்கு மாவட்ட ஆணையத்தில்தான்.

இந்தச் சட்டம் இரண்டு பழைய பலகைகளையும் கழற்றி வைத்துவிட்டது. பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிகப் பழக்கம் என்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்று மனம் மாறியவருக்கு இது பொருந்தாது. பை விஷயமும் உண்டு: முன்கூட்டிச் சொல்லாமல் கல்லாவில் நிற்கும்போது பைக்குக் காசு கேட்பது நியாயமற்றது என்று தேசிய ஆணையம் டிசம்பர் 2020இல் தீர்ப்பளித்தது.

ஆணையத்துக்குப் போகும் முன்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்து பார்க்கலாம். அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அது பஞ்சாயத்து மாதிரி. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். தெருமுனைக் கடைக்கு இது அவ்வளவாக உறைக்காது.

ஆணையத்தில் வழக்குத் தொடர வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையவழியாகவும் முடியும். பிரச்சினை உண்டான நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனாலும் தேதி போட்ட ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். "எங்களிடம் வந்து சொல்லவே இல்லை" என்பதுதான் எதிர்த்தரப்பு எடுக்கும் முதல் ஆயுதம்.

மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பித் தேதி குறித்துக்கொள்ளாதீர்கள். வாய்தா இங்கேயும் உண்டு. வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்ட நுணுக்கத்தால் இல்லை, சாட்சியம் இல்லாததால். வெப்பக் காகித பில் சில மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிவிட்டுப் புழு இருந்தது என்றால் ஆணையம் எதைப் பார்க்கும்? பிரிக்காத இன்னொரு பாக்கெட் அதே தொகுதி (பேட்ச்) எண்ணில் கையில் இருந்தால் வழக்குக்கு முதுகெலும்பு வந்துவிடும்.

யார் நுகர்வோர் என்பதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் இல்லை. தன் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர்தான். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இனிப்புக் கடைக்காரர் தானே கல்லாவில் உட்கார்ந்து கடையை ஓட்டுகிறவர் என்றால், அவர் வாங்கிய தராசு மூன்றே மாதத்தில் தாறுமாறாகக் காட்டும்போது, விற்ற நிறுவனத்தின் மேல் அவரும் இதே மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். தராசு வாங்கிய பில்லையும் சுவரில் தொங்கும் முத்திரைச் சான்றிதழையும் அவர் எடுத்துப்போக வேண்டும். ஒன்றை மட்டும் அவர் மறக்கக் கூடாது: எடையளவு உரிமம் பெற்ற பழுதுநீக்குபவரிடம்தான் தராசைத் திறக்கக் கொடுக்க வேண்டும், சரிசெய்து வந்ததும் மறுபடி முத்திரையிடாமல் அதில் ஒரு லட்டுகூட நிறுக்கக் கூடாது.